அம்மா எழுத்து

"உங்கள் குழந்தைக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியுமா?"

இதுதான் கேள்வி. கீழே இரண்டு சின்ன வட்டங்கள். ஒன்றின் பக்கத்தில் ஆம், இன்னொன்றின் பக்கத்தில் இல்லை. ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடியில் இருக்கும் பொத்தான் நீலமாகும், படிவம் பள்ளிக்குப் போகும். மூன்று வாரமாக அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது.

கேள்வி கடினமானது இல்லை என்று எனக்கும் தெரியும். நான் கணிதத்தில் முதுகலை படித்தவள். ஏழு வயதுக் குழந்தையைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்கிற தாய்க்கு, அந்தக் குழந்தைக்கு வாசிக்கத் தெரியுமா என்பது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம் என்பது மட்டும் தெரிகிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். கல்யாணம் ஆன கையோடு ஐதராபாத் வந்தோம். முதலில் குகட்பள்ளியில், வீட்டு வசதிக் குடியிருப்பில் ஒரு மூன்றாவது மாடி. மகள் அங்கேதான் பிறந்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த மழலையர் பள்ளி ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தது. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் விளையாடிய பிள்ளைகள் தெலுங்கு சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். "கண்ணு, பால் குடி" என்றால் "வத்து" என்பாள். வேண்டாம் என்று அர்த்தம். இதில் விசித்திரமாக எதுவும் எங்களுக்குத் தோன்றியதில்லை. பால் பிரச்சினைதான் பெரிதாக இருந்தது.

எனக்கும் தெலுங்கு பேச வரும். கேஸ் வரவில்லை என்று சண்டை போடுகிற அளவுக்கு வரும். படிக்க வராது. பேருந்தில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏற மாட்டேன், எண்ணைப் பார்த்து ஏறுவேன்.

மகள் முதல் வகுப்பில் இருந்தபோது கணவருக்கு வேலை மாறியது. நகரத்தின் இன்னொரு பக்கம், மெட்டுகுடாவில் ஒரு சந்துக்குள் வீடு பார்த்துக்கொண்டு வந்தோம். வருடத்தின் பாதியில் பள்ளி மாற்றினோம். தெலுங்கு இங்கே கட்டாயப் பாடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வகுப்பில் எழுத்துகள் எல்லாம் முடிந்து, சொற்களும் முடிந்து, வாக்கியத்துக்குப் போயிருந்தார்கள். நான் பள்ளி அலுவலகத்தில் இருந்தவரிடம் இதைக் கேட்டேன். அவர் சுவரில் இருந்த ஒரு பச்சைக் கிளிப் படத்தைக் காட்டினார். "கவலையே வேண்டாம் மேடம். எல்லாம் ஆப்பில் இருக்கிறது. குழந்தை எந்த வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில் அதுவும் கூடவே போகும்."

அது போகவில்லை. காத்திருந்தது.

செயலி இப்படி வேலை செய்யும். பள்ளியில் ஆளுக்கொரு டேப்லட், காதில் ஹெட்ஃபோன். வீட்டில் பெற்றோரின் போன். சாயங்காலம் ஒரு பாடம் வரும். திரையில் நான்கைந்து வரித் தெலுங்கு. குழந்தை சத்தமாகப் படிக்க வேண்டும். கிளி கேட்கும். சரியாக இருந்தால் "பாகுந்தி", நன்றாக இருக்கிறது என்று சொல்லி நட்சத்திரங்களை இறைக்கும். தவறாக இருந்தால் தலையைச் சாய்த்து "மள்ளீ சதுவு" என்னும். மறுபடி படி. கோபமே படாது. அதுதான் அதன் சிறப்பு என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள்.

முதல் வாரம் ஒரு பாடத்துக்குப் பதினொரு தடவை "மள்ளீ சதுவு" சொன்னது. மகள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அது ஏன் என்னையே கேட்டுட்டு இருக்கு? அதுக்கே தெரியாதா?"

சனிக்கிழமைகளில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு. குழந்தைகளின் மனம் புண்படக் கூடாது என்பதால் பெயர் இருக்காது, வரிசை எண் மட்டும்தான். எல்லோருக்கும் எல்லோருடைய வரிசை எண்ணும் தெரியும். முதல் நான்கு வாரமும் நாங்கள் சிவப்பில் இருந்தோம். நான்காவது சனிக்கிழமை, எதிர்வரிசை வீட்டு அம்மா என்னைக் கடையில் பார்த்து, உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுகிற குரலில் "எப்படி இருக்கீங்க?" என்றார்.

எழுத்துகளைச் சொல்லித் தரும் பாடம் செயலியில் இல்லாமல் இல்லை. முதல் பகுதியில் இருந்தது. வகுப்பு அதை முடித்துவிட்டதால் பூட்டியிருந்தது. உதவி என்ற இடத்தில் எழுதிக் கேட்டேன். என் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கணவரைக் கேட்டேன்.

"ஏனுங்க, ஒரு எழுத்துப் புத்தகம் வாங்கி நாமே சொல்லிக் குடுத்துரலாமா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அப்புறம் எப்படி நாமே?"

இப்போது யோசித்தால் அதற்கு எத்தனையோ வழி இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு அடுத்த சனிக்கிழமை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

திரையின் மூலையில் ஒரு ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு பெண் குரல் பாடத்தை வாக்கியம் வாக்கியமாக நிதானமாகப் படித்துக் காட்டும். ஒரு நாள், மகள் அழுதுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், நான் அதைத் தொட்டுக் கேட்டுக்கொண்டே, மளிகைச் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதினேன். வரிக்கு வரி, அந்தப் பெண் சொன்ன ஒலி எப்படியோ அப்படியே. கங்கையில் வரும் இரண்டாவது க மாதிரி மெல்லிய ஒலிகளுக்கு அடியில் ஒரு கோடு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். கிளி என்னைப் பார்த்து "பாகுந்தி" என்றது. நான்கு வாரத்தில் எங்கள் வீட்டில் அது அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான். வெட்கமில்லாமல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் மகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தேன். இது அ, இது ஆ. இது க, அடியில் கோடு போட்டால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லணும். ஊரிலிருந்து வாங்கி வந்த தமிழ் அரிச்சுவடி இரண்டு வருடமாக அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை. அதற்கு நேரமே கிடைத்ததில்லை. இப்போது கிடைத்தது. கிளியின் மேல் இருந்த பயத்தில் மூன்று வாரத்தில் படித்துவிட்டாள். எந்த மொழியின் எழுத்து என்று நான் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று இல்லை. அவள் கேட்கவில்லை.

நான் எழுதிய தாளை போனுக்குப் பின்னால் நிறுத்தி வைப்போம். அவள் தாளைப் பார்த்துப் படிப்பாள், போன் கேட்கும். மொழி அவளுக்கு நன்றாகத் தெரியும், விளையாடிப் பழகிய மொழி. எழுத்து கைக்கு வந்ததும் ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். முதல் தடவை எண்பத்திரண்டு. அடுத்த வாரம் தொண்ணூற்றாறு.

கணவர் ஒரு நாள் நின்று பார்த்தார். மென்பொருள்தான் அவருக்குத் தொழில் என்பதால் அவர் கருத்துக்கு வீட்டில் ஒரு மதிப்பு உண்டு.

"அது வாய்ஸ் மட்டும்தான் எடுக்கும். கேமரா ஆன் ஆகலை" என்றார்.

"தப்புன்னு சொல்றீங்களா?"

"இல்லை, மாட்ட மாட்டேன்னு சொல்றேன்."

சனிக்கிழமை பச்சை வந்தது. அடுத்த சனிக்கிழமையும். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். செயலி அவளை இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று ஏற்றிக்கொண்டே போனது. பாடம் நான்கு வரியிலிருந்து ஒரு பக்கம் ஆனது. நானும் ஒரு பக்கம் எழுதினேன். வகுப்பில் கண்டுபிடித்திருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பினேன், எழுத்தெல்லாம் பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள் என்று. வகுப்பில் ஹெட்ஃபோனில் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும், கேட்ட சொல்லுக்கான படத்தைத் தொட வேண்டும். இரண்டும் அவளுக்கு நன்றாக வரும். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சு மாதிரி எழுதினாள், கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி. தாளும் பென்சிலுமாகப் பரீட்சை மூன்றாம் வகுப்பில்தான். பள்ளி, வீட்டில் படிக்கிறாள் என்று நம்பியது. வீடு, பள்ளியில் படிக்கிறாள் என்று நம்பியது. கிளி இருவருக்கும் பச்சை காட்டியது.

முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு அக்காதான். அவர்கள் தமிழ்க் குடும்பம். அக்காவின் தாத்தாவுக்கு அப்பா ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அக்கா பேசுகிற தமிழில் தெலுங்கும் உருதுவும் பாதிக்குப் பாதி இருக்கும். ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்கு கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பார். தெலுங்குப் பத்திரிகை படிப்பார். தமிழ் படிக்க வராது.

வாசல் கேட்டில் தெலுங்கில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அக்கா மகளைக் கூப்பிட்டார்.

"ஏ பாப்பா, கண்ணாடி உள்ளே விட்டுட்டேன். என்னமோ ஒட்டி வெச்சிருக்கான் பாரு, படிச்சுச் சொல்லு."

மகள் அறிவிப்பைப் பார்த்தாள். "இது புத்தக எழுத்து ஆன்ட்டி. எனக்கு அம்மா எழுத்துதான் வரும்."

"அம்மா எழுத்தா? அது என்னது?"

மகள் பைக்குள்ளிருந்து முந்தின நாள் தாளை எடுத்து, நரியும் கொக்கும் கதையைத் தெலுங்கில் கணீரென்று படித்துக் காட்டினாள். அக்கா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் துணி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது இதுதான் நடந்துகொண்டிருந்தது.

"இது தமிழுல்ல?" என்றார் அக்கா. "எங்க வீட்டுக் காலண்டர்ல இப்படித்தான் இருக்கும். ஹவ், தமிழுதான். எனக்குப் படிக்க வராது, பார்த்தா தெரியும்."

"இல்லை ஆன்ட்டி, தெலுங்கு" என்றாள் மகள். "நான் இப்போ தெலுங்குதானே படிச்சேன்?"

அக்கா அதை யோசித்தார். அவள் படித்தது தெலுங்குதான்.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு நடந்ததைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"கைக்கும்மா இப்படிப் பண்ணினே? என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுக்க மாட்டேனா?"

ஏன் கேட்கவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. சிவப்பில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் இருக்கலாம்.

"நான் தமிழு பேசுவேன், தெலுங்கு படிப்பேன்" என்றார் அக்கா. "உன் பொண்ணு தெலுங்கு பேசுறா, தமிழு படிக்கிறா. ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பினா எந்த ஆபீஸ்லயும் வேலை குடுப்பான்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அறிவிப்பில், நாளை தண்ணீர் வராது என்று இருந்தது. எங்கள் மூவரில் யாரும் அதை அன்று படிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் விளக்கினாள். இங்கிலீஷில் அச்சு எழுத்து வேறு, கையால் சேர்த்து எழுதுகிற எழுத்து வேறு இல்லையா? அதே மாதிரிதான். தெலுங்கில் புத்தக எழுத்து ஒன்று, வீட்டு எழுத்து ஒன்று. கிளிக்கு இரண்டும் சரி. பெரிய வகுப்பில் புத்தக எழுத்து தானாக வந்துவிடும். ரொம்பத் தெளிவாக விளக்கினாள். இடையில் மறுக்க ஓர் இடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு சமையலறைக்கு வந்து, ஊரிலிருந்து கொண்டு வந்த காபித் தூள் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா! இதுல உங்க எழுத்து!"

அப்பளப் பாக்கெட்டிலும் என் எழுத்து. ஊறுகாய் பாட்டிலிலும்.

"எல்லாத்துலயும் நீங்களே எழுதினீங்களா? எப்போ?"

சொல்வதற்குச் சரியான நேரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் பாலைப் பார்த்தேன்.

ஆசிரியையிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். செய்தி எழுதினேன், அழித்தேன். மரியாதையாக எழுதினால் விஷயம் புரியவில்லை. புரிகிற மாதிரி எழுதினால் குற்ற ஒப்புதல் மாதிரி இருந்தது. இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாவது நாள் ஆசிரியையே போனில் கூப்பிட்டார். தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், ஒரு நல்ல செய்தி. அடுத்த வெள்ளிக்கிழமை டிஜிட்டல் வகுப்பு நாள். பெரிய திரையில் வாசித்துக் காட்ட உங்கள் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்."

"எந்தப் பாடம் மேடம்?" என்றேன். தாளில் எழுதிவிடலாம் என்றுதான் மனம் முதலில் போனது. அதை மறைக்கப் போவதில்லை.

"அதுதான் சிறப்பே. அப்போதே செயலி ஒரு புதுப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும். யாருக்கும் முன்னாலேயே தெரியாது."

நான் நன்றி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், வாசலுக்குப் பக்கத்தில். மேடையில் சுவரளவு திரை. விருந்தினராக ஒரு அதிகாரி. மகள் இரண்டு பின்னல், புது ரிப்பனுடன் மேலே ஏறினாள். திரையில் கிளி வந்தது. பிறகு பாடம் வந்தது, எட்டு வரி, ஒவ்வொரு எழுத்தும் அவள் தலையளவு. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவைக்குள் என்னைத் தேடினாள். நான் என்ன முகம் காட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

அவள் எட்டி, திரை மூலையில் இருந்த ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டாள். அந்தப் பெண் குரல் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி முதல் வாக்கியத்தைப் படித்தது. மகள் கேட்டுவிட்டு, அதே வாக்கியத்தைத் தன் குரலில், கையை ஆட்டி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துச் சொன்னாள். அடுத்த வாக்கியம். அடுத்தது. எட்டு வரியும் முடிந்தது. கிளி "பாகுந்தி" என்று நட்சத்திரங்களை இறைத்தது. அரங்கம் கை தட்டியது.

அதிகாரி மைக்கை வாங்கினார். "பார்த்தீர்களா, அந்தக் குழந்தைக்குத் தொழில்நுட்பத்தைக் கண்டு பயமே இல்லை. உதவி எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொள்கிறாள். இதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம்." அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

திங்கட்கிழமை மகளுக்கு ஒரு மஞ்சள் பேட்ஜ் குத்தினார்கள். வாசிப்புத் தோழி. நான்காம் நிலையை எட்டியவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் முதல் வகுப்புக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க வேண்டும். அந்த பேட்ஜை வீட்டு உடையிலும் குத்திக்கொண்டாள். அதுவரை வகுப்பில் யாரோடும் அதிகம் சேராமல், பாதியில் வந்த பெண் என்றே இருந்தவள். இப்போது முதல் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வியாழன் சாயங்காலம் அவள் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கூடவே ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும். நான் அக்காவைக் கூப்பிட்டுக் கதையை வாசிக்கச் சொல்லி, தமிழில் எழுதினேன். தாள் புத்தகத்துக்குள் போனது. புத்தகம் பைக்குள் போனது. அக்கா எழுந்து போகும்போது, "இன்னும் எத்தனை வியாழக்கிழமை?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு வியாழக்கிழமை. ஐந்தாவது வாரம் தொடக்கப் பள்ளிப் பெற்றோர் குழுவில் ஒரு அம்மா படம் ஒன்று போட்டார். முதல் வகுப்பு நோட்டின் ஒரு பக்கம். கோணல்மாணலாக அ, ம, பிறகு ஒரு பெரிய ண.

"என் மகள் வீட்டில் இதை எழுதிப் பழகுகிறாள். கேட்டால் பெரிய வகுப்பு எழுத்து என்கிறாள். எந்தப் பாடத்தில் வருகிறது? எங்கள் புத்தகத்தில் இல்லையே?"

வரிசையாகப் பதில்கள் வந்தன. ஏதோ டிசைன் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். புதுக் கொள்கையில் மூன்று மொழி இருக்கிறது, அதுவாக இருக்கும் என்றார் இன்னொருவர். மலையாளம் மாதிரி இருக்கிறது என்று ஒருவர். என் மகளும் எழுதுகிறாள், நான் கையெழுத்துப் பயிற்சி என்று நினைத்தேன் என்று வேறொருவர். கடைசியாக ஒருவர், இந்தப் பாடத்தை விட்டுவிட்டால் மதிப்பெண் குறையுமா என்று கேட்டார். முதல் வகுப்பு ஆசிரியை, "விசாரித்துச் சொல்கிறேன் மேடம்" என்று எழுதினார்.

அந்த ண நான் போடுகிற ண. முதல் சுழியைப் பெரிதாகப் போடுவேன். எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

கணவரிடம் காட்டினேன். படித்தார். "ஸ்பிரெட் ஆயிருச்சு" என்றார்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போனேன். மகளின் ஆசிரியை ஆசிரியர் அறையில் டேப்லட்டுகளுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மளிகைச் சீட்டிலிருந்து பெரிய ண வரை. அவர் ஒவ்வொரு ஒயராகச் செருகிக்கொண்டே கேட்டார்.

ஒயர்கள் முடிந்ததும் கேட்டார். "டிஜிட்டல் நாள் அன்றைக்கு?"

"அது அவளே செய்தது மேடம்."

"நல்ல ஞாபக சக்தி" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "நானும் பார்த்திருக்க வேண்டும். பச்சையாக இருப்பவர்களை நான் பார்ப்பதில்லை. சிவப்பாக இருப்பவர்களைப் பார்க்கவே நேரம் போதவில்லை."

அவர் என்னைத் திட்டுவார் என்று நான் தயாராகப் போயிருந்தேன். அதற்குப் பதிலாக வழி சொன்னார். செயலியில் நிலையைக் கைமுறையாகக் குறைக்க முடியாது. அதற்கு ஏற்றத்தான் தெரியும். ஆனால் பெற்றோர் ஒரு படிவம் அனுப்பினால் கணக்கை முதலிலிருந்து தொடங்கலாம். எழுத்துப் பாடங்களின் பூட்டு திறக்கும். முதல் நிலைக்குப் போய்விடுவாள். நட்சத்திரங்கள் போய்விடும். பேட்ஜையும் திருப்பித் தர வேண்டும், அது நிலையோடு சேர்ந்தது. மூன்றாம் வகுப்புக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன, அங்கே தாளில் பரீட்சை, முதல் நாளே தெரிந்துவிடும் என்றார். "அன்றைக்கு அவளுக்கு எல்லோர் முன்னாலும் தெரிய வேண்டுமா, இன்றைக்கு உங்கள் மூலமாகத் தெரிய வேண்டுமா, அது உங்கள் முடிவு மேடம்."

"முதல் வகுப்புக்குப் போய் வாசிப்பது?"

"நீங்கள் முடிவு செய்கிற வரைக்கும் போகட்டும். தாளை மட்டும் அவர்கள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

குழுவில் அன்று மாலை, அது பாடத்திட்டத்தில் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. எல்லோரும் கை கூப்பினார்கள். நானும் கை கூப்பினேன்.

படிவம் திங்கட்கிழமை காலை வந்தது. ஒரே கேள்வி, நான் தொடக்கத்தில் எழுதியதுதான்.

படிவத்தைத் தவிர்க்கவும் முயன்று பார்த்தேன். கடையில் தெலுங்கு எழுத்து அட்டவணை ஒன்று வாங்கி, சாப்பாட்டு மேசைக்கு மேல் மாட்டினேன். தினமும் பள்ளி விட்டதும் அக்கா வந்து உட்கார்கிறார். இதுவரை இருபத்தைந்து எழுத்து படித்தாகிவிட்டது. படித்தது நான். மகள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"நீயும் வா பாப்பா" என்றார் அக்கா.

"நக்கோ ஆன்ட்டி." இந்த வார்த்தையை அக்காவிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள். "அது ஃபர்ஸ்ட் கிளாஸ் பசங்களுக்கு. நான் வாசிப்புத் தோழி." பிறகு என் தோளைத் தட்டி, "அம்மா, பயப்படாதீங்க. மெதுவா வரும். மள்ளீ சதுவு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

இதுதான் என் நிலைமை. தனக்குத் தெரியாது என்று தெரிந்தால்தான் அவள் அட்டவணை முன்னால் உட்காருவாள். தெரியாது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால், அவள் சம்பாதித்தது என்று நினைக்கிற எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருந்தது என்றும் சொல்ல வேண்டும். காபிப் பாக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறகு என்னிடம் எதையாவது நம்பிக் கேட்பாளா? சொல்லாமல் விட்டால் மூன்றாம் வகுப்பில் ஒரு வெள்ளைத் தாள் சொல்லிவிடும். அதன் பிறகு நிச்சயமாகக் கேட்க மாட்டாள்.

ஆம் என்று தொட்டால் பொய் இல்லை. நரியும் கொக்கும் கதையைத் தெலுங்கில் வாசித்தவள்தான் அவள். இல்லை என்று தொட்டாலும் பொய் இல்லை. கேட்டில் ஒட்டியிருந்த ஒரு வரி அறிவிப்பை அவளால் வாசிக்க முடியவில்லை. இரண்டு வட்டத்தையும் தொட முடியுமா என்று பார்த்தேன். ஒன்றைத் தொட்டால் மற்றது அணைந்துவிடுகிறது. படிவத்தை மூடித் திறந்தால் இரண்டும் அணைந்து, பொத்தான் பழையபடி சாம்பலாகிவிடுகிறது. கணவரிடம் கேட்டதற்கு, அப்படித்தான் வடிவமைத்திருப்பார்கள் என்றார்.

இதைப் படிப்பவர்களில், சொந்த எழுத்து ஒன்றும் பள்ளி எழுத்து வேறொன்றுமாக வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். ஆசிரியர்களும் இருப்பீர்கள். சின்ன வயதில் உங்கள் அம்மா உங்களுக்காக இப்படி ஏதாவது செய்து, அது பிறகு உங்களுக்குத் தெரியவந்த யாராவதுகூட இருக்கலாம். உங்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன். எந்த வட்டத்தைத் தொடட்டும்? மகளிடம் முதலில் சொல்லிவிட்டுத் தொடட்டுமா, தொட்டுவிட்டுச் சொல்லட்டுமா? எந்த வார்த்தையில் ஆரம்பிக்கட்டும்? ஏழு வயதில் உங்களிடம் யார், எப்படிச் சொல்லியிருந்தால் நீங்கள் மன்னித்திருப்பீர்கள்?

புதன்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும். வியாழன் சாயங்காலம் அவள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இந்த வாரக் கதை கொஞ்சம் நீளம்.